நட்சத்திரம் இல்லாத எண்

பிப்ரவரி 9

என் வாலுக்கு,

அறுபத்திரண்டு வயதுக்காரியை இன்னும் வால் என்று கூப்பிடுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

இத்துடன் என் ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்திருக்கிறேன். நெஞ்சு தாளம் தப்பித் துடிக்கிறது, ரத்தம் உள்ளேயே கட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒரு மாத்திரை ஆரம்பித்தார்களே, அதற்காக எடுத்தது. இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் எனக்கு நட்சத்திரம் போட்டதில்லை. இப்போது போய்க் கிடைத்திருக்கிறது, சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருஷம் குப்பி குப்பியாக ஊரார் ரத்தத்தைப் பார்க்கிறாயே, கூடப் பிறந்தவள் ரத்தத்தையும் கொஞ்சம் பார்த்துச் சொல்.

மற்றபடி சுகம்தான். உன் அத்தான் இன்னும் காலையில் கீழே மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறார். சரியாக வராத லென்ஸ்களை எல்லாம் மாடிக்குக் கொண்டுவந்து என் ஜன்னல் விளிம்பில் அடுக்கிவிடுவார். மத்தியானம் வெயில் திரும்பும்போது அவை சுவரில் சின்னச் சின்ன வானவில்லாக விழும். நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். அவை நகர்கின்றனவா, நான் நகர்கிறேனா என்று புரியாத ஒரு மயக்கம் வரும். அது மாத்திரையா, வயசா, வெயிலா, எதுவாக இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

கையில் அங்கங்கே ஊதாத் திட்டு. எங்கே இடித்துக்கொண்டேன் என்று நினைவே இல்லை.

போனில் கேட்கலாமே என்பாய். போனில் பேசினால் அவருக்குக் காது கேட்க ஸ்பீக்கரில் போட வேண்டும், அப்புறம் அவரே பேச ஆரம்பித்துவிடுவார். கடிதம்தான் எனக்கென்று ஒரு தனி அறை. அவரே வாங்கி, மூச்சு வாங்க மாடி ஏறி, பிரிக்காமல் என் கையில் கொடுப்பார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது அவருக்குக் கொலைக்குச் சமம்.

சீக்கிரம் எழுது.

உன் அக்கா

—

பிப்ரவரி 17

அக்கா,

உன் தாள் வந்தது. சாப்பாட்டு வேளையில் பிரித்தேன். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் குறுக்கிடாதே.

முதலில் உன் நட்சத்திரங்கள். அவற்றைப் பார்த்து ஒன்றும் பயப்பட வேண்டாம். அல்புமின் என்ற ஒரு புரதம் உனக்குக் கொஞ்சம் குறைவு, எலும்பிலிருந்தும் ஈரலிலிருந்தும் வருகிற இன்னொன்று கொஞ்சம் அதிகம். வயதானால் அப்படித்தான் ஆகும். இதற்கு நட்சத்திரம் போடுவது அந்த இயந்திரத்தின் குற்றமும் இல்லை. 'இதுதான் சரியான அளவு' என்று அதற்குள் யாரோ ஒரு வரம்பை எழுதி வைத்திருக்கிறார்கள் இல்லையா, அது வாலிபப் பிள்ளைகளின் ரத்தத்தில் பார்த்து எழுதியது. கல்லூரிப் பசங்களைப் பிடிப்பது சுலபம். ஒரு டம்ளர் பழச்சாறு கொடுத்தால் கையை நீட்டிவிடுவார்கள். அந்த வரம்பை வைத்து உன்னை அளந்தால் நட்சத்திரம் விழத்தானே செய்யும்?

இந்த வருஷம் நாங்கள் இங்கே பெரியவர்களுக்கென்று தனியாக ஒரு வரம்பு எழுதப் பார்க்கிறோம். வியாதி இல்லாத, மாத்திரை சாப்பிடாத கிழவர்களைத் தேடித் தேடி நாக்குத் தள்ளுகிறது. அகப்படுகிறவர்களோ ரத்தம் கொடுக்கிற சாக்கில் பாதி நாள் கதை பேசுகிறார்கள். சாயங்காலம் எல்லாக் குப்பிகளையும் சுற்றவிட்டு எடுத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே தெளிவாக மஞ்சள் நீர் நிற்கும். ஜன்னலோரம் வரிசையாக வைத்துப் பார்ப்பேன். எது இருபது வயது, எது எண்பது வயது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே தேன் நிறம். எண் வந்த பிறகுதான் வயது பேசும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பயமுறுத்துவது நட்சத்திரம் இல்லாத ஓர் எண். கிரியாட்டினின். அது தசையிலிருந்து வருகிற கழிவு, சிறுநீரகம்தான் அதை வெளியே தள்ள வேண்டும். உன் தாளில் அது அழகாக வரம்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு இருபது வயதுப் பையனுக்கு அந்த எண் வந்தால் அவன் சிறுநீரகம் ஜோராக வேலை செய்கிறது என்று அர்த்தம். உனக்கு அப்படி இல்லை. உன் உடம்பில் தசை எங்கே இருக்கிறது? வெறும் எலும்பும் பிடிவாதமும்தான். கழிவே குறைவாக வரும்போது, சிறுநீரகம் பாதி வேலை பார்த்தாலும் எண் அழகாகத்தான் தெரியும். அதனால்தான் அந்த எண்ணோடு வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

தாளின் தலைப்பில் வயது எழுபத்தேழு என்று இருக்கிறது.

அக்கா, உன் மருத்துவரிடமுமா?

உனக்கு எண்பத்தொன்று என்பது உனக்கும் எனக்கும் செத்துப்போன அப்பா அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்குச் சொன்ன வயது ஊரோடு இருக்கட்டும். உன் ரத்தத்துக்கு அந்தக் கதை தெரியாது. நீ சாப்பிடுகிற மாத்திரைக்கு எண்பதில் ஒரு கோடு இருக்கிறது. எண்பது நிறைந்து, எடையும் அறுபது கிலோவுக்குள் இருந்தால் பாதி அளவுதான் கொடுக்க வேண்டும். முழு அளவு கொடுத்தால் சிறுநீரகம் தள்ள முடியாத மருந்து ரத்தத்திலேயே தங்கி, ரத்தம் உறையாமல் கசியும். உன் மருத்துவர் அவருக்குச் சொல்லப்பட்ட வயதுக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். உன் கையில் ஊதாத் திட்டு ஏன் வருகிறது என்று இப்போது புரிகிறதா?

உடனே போய் உண்மையைச் சொல். நீயாக மாத்திரையைக் குறைக்காதே, நிறுத்தவும் செய்யாதே. அதுவும் ஆபத்து.

வால்

—

பிப்ரவரி 26

வாலுக்கு,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். எலும்பும் பிடிவாதமும் என்ற இடத்தில் மட்டும் சிரித்தேன்.

சொல்லத்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த அறையில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. வயசு என்ன என்று மருத்துவர் கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தான் சொல்லிவிடுவார்: "எழுபத்தேழு டாக்டர். என்னைவிட ரெண்டு வயசு சின்னவ." அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என்னவோ என்னைத் தானே செய்து முடித்த மாதிரி ஒரு பெருமை. அதன் மேல் நான் எப்படித் தண்ணீர் ஊற்றுவேன்?

உனக்கு முழுக்கதை தெரியாது, நீ அப்போது பிறக்கவே இல்லை. எனக்குப் பத்து வயதில்தான் பள்ளிக்கூடம். அதுவரைக்கும் வீட்டில் சித்தப்பா பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்ட ஆள் வேண்டியிருந்தது. சேர்க்கப் போனபோது அப்பா கூசாமல் ஆறு என்று எழுதினார். ஒல்லிக்குச்சியாக இருந்தேன், வாத்தியாரும் நம்பிவிட்டார். சின்னப் பிள்ளைகளோடு சின்ன பெஞ்சு. முட்டி பலகையில் இடிக்கும். "முட்டிய மடக்கி உக்காரு, உயரம் தெரியாது" என்பார் அப்பா. நல்ல பெண்ணாக மடக்கி உட்கார்ந்தேன். இவர் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தபோது இவர் அம்மாவுக்கு ஒரே நிபந்தனை, பெண் பையனைவிடச் சின்னவளாக இருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டினார்கள். அங்கேயும் முட்டியை மடக்கி உட்கார்ந்தேன்.

அவர் அம்மா போன பிறகு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று கேட்பாய். அவர் என்னைச் 'சின்னவளே' என்றுதான் கூப்பிடுகிறார். தெருவைக் கடக்கும்போது ஓரடி முன்னால் இறங்கி, பின்னால் கையை நீட்டுவார், பார்க்காமலேயே. நான் பிடித்துக்கொள்வேன். ஐம்பத்தைந்து வருஷமாக எத்தனை தெரு! நான்தான் பெரியவள் என்று தெரிந்தால் அந்தக் கை நீளுமா? எனக்கு அதுதான் கவலை. சிறுநீரகம் எல்லாம் அப்புறம்தான்.

மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு வருகிறது. அந்தப் பழைய வகுப்பறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், இந்த நரைத்த தலையோடு. சுவரெல்லாம் வானவில். சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வயதைச் சொல்கிறார்கள். என் முறை வருவதற்குள் விழித்துவிடுகிறேன். வாயில் இரும்பு ருசி. ஈறில் கொஞ்சம் ரத்தம், வேறு ஒன்றுமில்லை.

எனக்குக் கொஞ்சம் நாள் கொடு.

அக்கா

—

மார்ச் 5

அக்கா,

நாள் கொடு என்று என்னிடம் கேட்கிறாய். நான் என்ன கடைக்காரியா?

ஈறில் ரத்தம் என்பதைக் கடைசி வரியில், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு ஒரு குப்பியில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டப் பார்த்தேன். என் வேலையில் அது நடக்கக் கூடாது.

அத்தான் கை நீட்டுவார், நீட்டமாட்டார் என்று உட்கார்ந்து கனவு காண்கிறாய். நீ இருந்தால்தானே அவர் யாருக்காவது நீட்டுவார்? கோபத்தில் எழுதுகிறேன், தெரிகிறது. அடிக்கப்போவதில்லை, அடித்தால் வேறு ஊதாவாகும்.

இந்த வாரத்துக்குள் நீ மருத்துவரிடம் போகவில்லையென்றால் நானே அத்தானுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவேன். உன் தனி அறை, உன் வானவில், எல்லாவற்றையும் உடைத்துவிட்டுத்தான் மறுவேலை. நீ என்னோடு ஆயுசுக்கும் பேசாவிட்டால் பரவாயில்லை. உன் ஆயுசு நீளமாக இருந்தால் போதும்.

தங்கை

—

மார்ச் 14

போன் செய்தாயாமே. உன் அத்தான் வந்து சொன்னார். "உன் தங்கச்சிக்கு என்ன ஆச்சு? மழை பெய்யுதான்னு கேட்டா, வெயில் அடிக்குதான்னு கேட்டா, வச்சிட்டா" என்றார்.

சொல்ல முடியவில்லை, பார்த்தாயா. எழுதும்போது எல்லோருக்கும் வீரம்தான்.

என்னை மிரட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். உனக்குப் பல் முளைத்தபோது என் தோளைத்தான் கடித்தாய். இப்போதும் அதே இடம்தான். கொஞ்ச நாள் எழுதாதே. நானும் எழுதவில்லை.

—

மார்ச் 28

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நீ பிரிக்காவிட்டால் ஜன்னலில் லென்ஸோடு சேர்த்து வைத்துவிடு.

நேற்று அத்தான் போன் செய்தார். இரண்டு நாள் முன்பு விடிகாலையில் உனக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்ததாம், நிற்கவே இல்லையாம், தலையணை உறை முழுக்க நனைந்துவிட்டதாம். மருத்துவமனையில் பஞ்சு அடைத்து ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்களாம். அடுத்த வாரம் மாத்திரையைப் பற்றிப் பேச வரச் சொல்லியிருக்கிறார்களாம். சொல்லிவிட்டு அழுதார், அக்கா. அத்தான் அழுது நான் கேட்டதே இல்லை. "அவளுக்கென்ன வயசாயிடுச்சு, என்னைவிடச் சின்னவதானே, எனக்கு வரவேண்டியது அவளுக்கு வந்திருக்கு" என்றார்.

என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியமாகச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம் விழுங்கிவிட்டேன். அது உன்னுடையது. நீ ஐம்பத்தைந்து வருஷம் மடியில் கட்டி வைத்திருந்ததை நான் போன் கம்பியில் கொட்டக் கூடாது. மிரட்டினேனே, அதற்கு மன்னித்துவிடு. எனக்குப் பயம், வேறொன்றும் இல்லை. அம்மா போனபோது எனக்கு அழுகை வரவில்லை, அக்கா இருக்கிறாளே என்று இருந்தேன். நீ போனால் எனக்கு அழ ஒரு இடம் கிடையாது.

இன்று ஆய்வுக்கூடத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள், பெரியவர்கள். இருவர் குப்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எண்கள் வந்தன. அவருக்கு ஓர் எண் அதிகம், அந்த அம்மாவுக்கு ஓர் எண் குறைவு, எல்லாம் இந்த வயதுக்கு நியாயமாக இருந்தது. புதிதாக எழுதுகிற வரம்பில் இருவருக்கும் ஒரு நட்சத்திரமும் இல்லை. வயதை உள்ளபடி சொன்னால் எத்தனையோ நட்சத்திரம் தானாக உதிர்ந்துவிடுகிறது அக்கா. நான் உபதேசம் பண்ணவில்லை. வெளியே சாயங்காலமாகிவிட்டது, குப்பிகளில் வெளிச்சம் நின்றது, எனக்கு உன் நினைப்பாக இருந்தது. அதுதான் எழுதினேன்.

அடுத்த வாரம் அந்த அறைக்குள் போகும்போது முட்டியை மடக்காதே.

உன் வால்

—

ஏப்ரல் 11

என் கண்ணு வாலுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்தேன். பிரிக்காமல் இருப்பேனா?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவர் பழைய தாளைப் புரட்டிவிட்டு, பழக்கத்தில் வயதைக் கேட்டார். உன் அத்தான் "எழு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் நிற்போமே, அப்படி. "எண்பத்தொன்று" என்றேன். என் குரல் எனக்கே எங்கோ அடுத்த அறையிலிருந்து கேட்டது.

மருத்துவர் அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பள்ளிக்கூடம், பெஞ்சு, அப்பா எல்லாம் சொன்னேன். மருத்துவர் திட்டவில்லை. என்னை நிறுத்துப் பார்த்து, நீ சொன்ன அந்தக் கிரியாட்டினினை வைத்து ஏதோ கணக்குப் போட்டு, நீ எழுதியது போலவே மாத்திரையைப் பாதி அளவாக மாற்றி எழுதினார். "நல்லவேளை சொன்னீங்க" என்றார், அவ்வளவுதான்.

திரும்பும்போது பேருந்துப் படியில் உன் அத்தான் ஒதுங்கி நின்றார். "பெரியவங்க முதல்ல ஏறுங்க" என்றார். சிரிக்கவே இல்லை. இறங்கித் தெருவைக் கடக்கும்போது அவர் கை அவர் பையிலேயே இருந்தது. நான் தனியாகக் கடந்தேன். வாழ்க்கையில் அந்தத் தெரு அவ்வளவு அகலமாக இருந்ததே இல்லை.

அப்புறம் பேச்சே இல்லை. கீழே போவார், கல்லுக்கு முன்னால் உட்காருவார், தேய்க்கிற சத்தம் வராது. நான் மேலே படுத்து, அந்தச் சத்தம் வருமா வருமா என்று காதைக் கொடுத்துக்கொண்டு கிடப்பேன். சுவரில் வானவில் வந்துபோகும். நான் பயந்தது நடந்துவிட்டது என்று தீர்மானித்துவிட்டேன். பொய் சொன்னவளை யார்தான் மன்னிப்பார்கள்?

ஒரு மத்தியானம் கடை மேஜையிலிருந்து ஒரு டிராயரைக் கழற்றி, முழுசாகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். படுக்கையில் என் பக்கத்தில் வைத்தார். உள்ளே மூக்குக் கண்ணாடிகள், என் முகத்துக்கு ஏற்ற சட்டம், வரிசையாக. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், சுவர் மங்கலாகிவிட்டது. அடுத்தது இன்னும் மங்கல்.

"இப்ப மங்கலாத்தான் தெரியும்" என்றார். "வருஷம் போகப் போக உன் கண்ணு எப்படி இறங்கும்னு எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதான். நான் போனப்புறம் கண்டவன்கிட்ட போயி நீ கண்ணாடி வாங்கக் கூடாதுன்னு தேய்ச்சு வச்சேன்."

நான் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எண்ணினேன்.

"ஃபியூஸ் மாத்தச் சொல்லிக் குடுத்தேன். பேங்குல உன்னைய அறிமுகப்படுத்தி வச்சேன். எல்லாத்துக்கும் ஏற்பாடு பண்ணேன். நான்தானே பெரியவன், நான்தானே முதல்ல போவேன்? அம்பத்தஞ்சு வருஷமா அந்தத் தைரியத்துலதான் தூங்கினேன். நீ இல்லாம நான் ஒரு நாள்கூட இருக்க வேண்டி வராதுன்னு." என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கித் துடைத்தார். "இப்ப வந்து நீ பெரியவங்கறே. எனக்குன்னு நான் ஒண்ணுமே செஞ்சு வைக்கலையே, சின்னவளே."

வால், அவர் கோபம் பொய்யைப் பற்றியே இல்லை. எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. இருவரும் ஒரு டிராயரை நடுவில் வைத்துக்கொண்டு அழுதோம். பிறகு அவரே ஒரு கண்ணாடியை எடுத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, "ஆமா, உன்னைப் பார்த்தா வயசானவ மாதிரித்தான் தெரியுது" என்றார். நான் தலையணையை எடுத்து எறிந்தேன்.

கையில் ஊதா மறைந்து மஞ்சளாகிவிட்டது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள், இத்துடன் தாள் இருக்கிறது. அதே இரண்டு நட்சத்திரம்தான். தலைப்பில் மட்டும் எண்பத்தொன்று. உன் புது வரம்பு தயாரானதும் இதை வைத்து அளந்து பார்.

இப்போது நான் அவருக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். உப்பு எந்த டப்பா, சர்க்கரை எந்த டப்பா, அடுப்பை எவ்வளவு தணிக்க வேண்டும், பொத்தான் எப்படித் தைக்க வேண்டும் என்று தினம் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்றுச் சூப்பில் சர்க்கரை போட்டார். இன்று தேநீரில் உப்பு. தலைமுடி அகலத்துக்கு லென்ஸ் தேய்க்கிற மனுஷனுக்கு டப்பா மாறுமா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேணும்னே பண்றீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார். "எல்லாம் கத்துக்கிட்டேன்னா நீ கிளம்பிடுவ."

உப்புத் தேநீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தபால்பெட்டி தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவர் கீழே இறங்கி நின்றுகொண்டு, வா வா என்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் பெரிய அக்கா